சோளமும் சுண்ணாம்பும்

தமிழர் இதனை மக்காச்சோளம் என்றனர். இத்தாலியர் துருக்கித் தானியம் என்றனர். ஆயின் மக்கமாநகருக்கோ துருக்கி நாட்டுக்கோ இத்தானியத்தின் பிறப்போடு தொடர்பு யாதுமில்லை. மெக்சிக்கோவின் தென்மேற்கிலுள்ள பல்சாசு ஆற்றுப் பள்ளத்தாக்கே இதன் தாயகம். ஆங்கு தானே முளைக்கும் தியோசிந்தே என்னும் புல் இதன் மூதாதையாகும். அப்புல்லின் சிறு கதிரிற் பத்துப் பன்னிரண்டு மணிகளே உள; அவையும் கல்லொத்த ஓட்டினுள் அடைபட்டுக் கிடப்பன. ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன்னர் அந்நாட்டுக் குடிகள் அதனைப் பயிரிட்டு, நல்ல மணிகளையே விதைக்கெனத் தெரிந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாகத் திருத்தி வந்தனர். மடல் மூடிய பொத்தியிலிருந்து மணிகள் தாமே உதிர்வதில்லையாதலின், மனிதன் கைபடாது இப்பயிர் இன்று தன்னினம் பெருக்கவல்லதன்று.

விதையைத் திருத்தியதோடு அம்மக்கள் அமையவில்லை. சோளமணிகளைச் சுண்ணாம்பு அல்லது சாம்பல் கலந்த நீரில் அவித்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, விடிந்ததும் தோல் நீங்கக் கழுவி அம்மியில் அரைத்தனர். தோலைக் கழற்றும் உபாயம்போலத் தோன்றும் இச்செய்கை வேறொரு பெருநன்மையும் பயந்தது. சோளத்திலுள்ள நயாசின் என்னும் உயிர்ச்சத்து உடல் ஏற்கவியலாவாறு பிணைக்கப்பட்டுள்ளது. சுண்ணாம்பே அதனை விடுவிக்கின்றது. சோளத்தோடு அவரையினப் பயறுகளையும் விளைத்து உண்டமையால் எஞ்சிய குறையும் பெரும்பாலும் நீங்கிற்று.

1492ஆம் ஆண்டின் பின் கடல்கடந்து சென்றது விதை மட்டுமே. அடுக்களை அறிவு செல்லவில்லை. குறைந்த நிலத்தில் மிக்க விளைவு தந்தமையால் ஐரோப்பிய ஏழைகளுக்குச் சோளக்களியே நாளுணவாயிற்று. 1735இல் காசுப்பர் காசல் என்னும் மருத்துவர் ஸ்பெயினின் அசுத்தூரியாசுப் பகுதியில், தோல் சிவந்து வெடிக்கும் புதுநோயொன்றைக் கண்டார். 1771இல் இத்தாலிய மருத்துவர் பிராப்பொல்லி அதற்குப் பெலாகிரா எனப் பெயரிட்டார். வயிற்றோட்டமும் சித்தப்பிரமையும் தொடர்ந்து, ஈற்றில் உயிரையும் மாய்க்கும் நோய் அது. கெட்டுப்போன சோளமே காரணம் என்றார் சிலர். தொற்றுநோய் என்றார் வேறு சிலர். சோளத்தைப் படைத்த மக்கள் அதனை எங்ஙனம் சமைத்தனர் என்று கேட்டிருந்தால் எத்துணை உயிர்கள் தப்பியிருக்கும்!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நோய் ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களிற் பல்லாயிரவரை வருத்திற்று. 1915இல் யோசேப்பு கோல்ட்பேர்கர் மிசிசிப்பிச் சிறைப்பண்ணையில், விடுதலை பெறும் ஆவலால் உடன்பட்ட கைதிகளுக்குப் பாலும் இறைச்சியும் நீங்கிய உணவையே கொடுத்துவந்தார். பதினொருவரில் அறுவருக்கு நோய் கண்டது. அப்பொழுதும் மருத்துவர் பலர் நம்பினாரல்லர். மறு ஆண்டு அவர் நோயாளரின் குருதியைத் தம்முடலிற் செலுத்தி, தொற்றில்லையென நிறுவினார். குறைபட்ட சத்து நயாசினே என எல்வேயம் 1937இற் காட்டியபொழுது கோல்ட்பேர்கர் இறந்து எட்டாண்டுகள் கழிந்திருந்தன.

இன்று உலகிற் சோளத்தின் பெரும்பகுதி விலங்குத் தீனாகவும் மாப்பொருளாகவும் எண்ணெயாகவும் எரிசாராயமாகவும் செலவாகின்றது. இலங்கையில் அனுராதபுரம், மொனராகலை மாவட்டங்களில் விளைவதும் பெரிதும் கோழித்தீனுக்கே போகின்றது. அவித்த பொத்தியை மாலைப்பொழுதிற் சுவைக்கும் நம்மவர் சோறும் பருப்பும் மீனும் உண்போராதலின் சுண்ணாம்பைத் தேடவேண்டிய தேவை அவர்க்கு நேர்ந்ததில்லை.