டி.சி. எண்ணும் நிரைப்பலகையும்

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவில் வழி கேட்டால் கதவு எண்ணைச் சொல்கிறவர்கள் குறைவு. ஆரியசாலைக்குத் திரும்புகிற இடத்துக்கு முந்தின கடை, வெற்றிலைக்காரருக்கு எதிர்ச்சந்து, மாடிப்படி ஏறினால் இடப்பக்கம் என்றுதான் பதில் வரும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், திருவிதாங்கூர் மன்னர் தர்மராஜா ஆட்சியில், திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய சந்தை இது. நெல்லையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்து கடை போட்ட தமிழ் வியாபாரிகளுக்குப் பேர்தான் விலாசம். எழுத்தாளர் ஆ. மாதவன் இங்கே பாத்திரக் கடை வைத்திருந்தார். அவரைத் தேடிப் போனவருக்கு ‘செல்வி ஸ்டோர்ஸ்’ என்ற பேர் போதுமாயிருந்தது.

எண் தேவைப்பட்டது அரசாங்கத்துக்கு. 1770இல் ஆஸ்திரியாவின் மரியா தெரசா வீடுகளுக்கு எண் போட வைத்தது, படைக்கு ஆள் எடுக்க. திருவிதாங்கூரில் அது தலைக்கணக்கோடு சேர்ந்து வந்தது. கொல்லம் ஆண்டு 1050இல், அதாவது 1875 மே 18 அன்று, சமஸ்தானம் தன் குடிகளை எண்ணிப் பார்த்தது. 23,11,379 பேர். தலையை எண்ணுவதற்கு முன் வீட்டை எண்ணியாக வேண்டும் என்பது இந்தியக் கணக்கெடுப்புகளின் பாலபாடம். கதவிலோ சுவரிலோ எழுதும் அந்த எண்ணுக்கு ஆயுள் கம்மி. காவியில் எழுதினால் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை கழுவிவிடும், தாரில் எழுதினால் அடுத்த வெள்ளையடிப்பு வரை.

1920இல் நகராட்சி வந்தது. 1940 அக்டோபர் 30 அன்று அது மாநகராட்சி ஆனது. இன்று விலாசங்களில் பார்க்கும் ‘டி.சி.’ என்பது ட்ரிவாண்ட்ரம் கார்ப்பரேஷன். அதையடுத்து வரும் எண்ணில் சாய்கோட்டுக்கு முன்னால் வார்டு, பின்னால் கட்டடம். ஒரே கட்டடத்தை நாலாகத் தடுத்தால் அடைப்புக்குறிக்குள் இன்னொரு இலக்கம் முளைக்கும். வரிச்சீட்டு, மின்சாரம், ரேஷன் கார்டு எல்லாம் இதை நம்பித்தான். எண்ணைக் கொடுப்பது கார்ப்பரேஷன். அழகான பலகையாக அதை வாசலில் மாட்டுவது பெரும்பாலும் வீட்டுக்காரர் பாடு. பழைய சாமான் எண்ணாக மாறுவது இந்த இடைவெளியில்தான்.

சந்தைக்குள் பழைய சாமானுக்கா பஞ்சம்? முதலில் நிரைப்பலகை. இரும்பு ஷட்டர் வருவதற்கு முன் கடை சாத்துவது என்றால் பத்துப் பன்னிரண்டு பலகைகளை மேலும் கீழும் உள்ள காடியில் ஒவ்வொன்றாகச் செருகி நகர்த்துவது. மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மரம், தன் இடத்தில் மட்டுமே சரியாக உட்காரும். அதனால் ஒவ்வொன்றின் தலையிலும் 1, 2, 3 என்று வரிசை எண் எழுதியோ வெட்டியோ வைப்பார்கள். வாசலுக்கு எண் தேடி அதிகாரிகள் வருவதற்கு முன்பே கடைப்பையனுக்கு எண் தேவைப்பட்டிருக்கும் போலிருக்கிறது! ஷட்டர் வந்தபின் பலகைகள் அலமாரித் தட்டாயின, பெஞ்சாயின. அயினி, பலா, தேக்கு எதுவானாலும் பல பத்தாண்டு வற்றிய மரம் இனி எளிதில் கோணாது. பெயர்ப்பலகைக்கு அதைவிட நல்ல துண்டு புதிதாக வாங்கினாலும் கிடைக்காது.

அடுத்தது பித்தளை. ஓட்டை விழுந்த குடத்தையும் தாம்பாளத்தையும் எடைக்குப் போட்டுப் புதுசு வாங்குவது பாத்திரக் கடைகளின் பழைய வழக்கம். கல்யாணச் சீர் என்றால் உளியால் பேர் வெட்டித் தரும் ஆளும் அங்கேயே இருப்பார். அந்தக் கைக்கு ஒரு 7 வெட்டுவது பெரிய வேலையில்லை. தாம்பாளத்தின் தட்டையான அடித்தகடுதான் அதற்கு வாகு. குடத்தின் வளைந்த வயிற்றை அடித்து நிமிர்த்தினால் தகடு விறைத்து வெடிக்கும், இடையில் சூடேற்றி இளக்கிக்கொள்ள வேண்டும். வார்க்க வேண்டுமென்றால் மூசையும் மண் அச்சும் வேண்டும்.

மாட்டுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சுண்ணாம்பு பூசிய வெட்டுக்கல் சுவரில் நேராக ஆணி அடித்தால் காரை உதிரும். துளை போட்டு மரக்கட்டையை இறுக்கி, அதில் திருகாணி முடுக்குவதே தச்சர் முறை. பித்தளை எண்ணுக்கு இரும்புத் திருகாணி ஆகாது. ஈரத்தில் இரண்டும் ஒட்டி நின்றால் இரும்பு சீக்கிரம் அரித்து, சுவரெல்லாம் துருக்கோடு இறங்கும்.

பழையதை மறுபடி எடுப்பதைச் சிக்கனம் என்ற நிலையிலிருந்து ரசனையாக்கியவர் இதே நகரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். இடிக்கிற வீடுகளின் கதவு, ஜன்னல், ஓடுகளைத் தேடி வாங்கிக் கட்டினார். நாலாஞ்சிறையில் உள்ள அவருடைய ‘ஹாம்லெட்’ வீடே அதற்குச் சாட்சி. 2007இல் அவர் மறைந்தார். மெருகேற்றிய பழைய மரத்துண்டில் பித்தளை எண் பதிக்கும் இன்றைய மோஸ்தருக்கும் அவருக்கும் தூரத்துச் சொந்தமாவது உண்டு. ஆனால் பேக்கருக்கு அது செலவைக் குறைக்கும் வழி. இப்போது அதுவே கூடுதல் செலவு.

இவ்வளவு பாடுபட்டு மாட்டிய எண்ணும் நிலைக்குமா என்றால், அது வார்டு எல்லையைப் பொறுத்தது. 2010இல் ஸ்ரீகாரியம், வட்டியூர்க்காவு, குடப்பனக்குன்னு, கழக்கூட்டம், விழிஞ்ஞம் ஊராட்சிகள் நகரத்தோடு சேர்ந்து வார்டுகள் 100 ஆயின. 2025 தேர்தலில் 101. வார்டின் இலக்கம் மாறினால் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பாதி பழசாகிவிடும். வார்டு இலக்கத்தைத் தனித்துண்டாகவும் வீட்டு இலக்கத்தைத் தனித்துண்டாகவும் மாட்டுகிறவர் பிழைத்தார். மற்றவர்கள் பழைய எண், புதிய எண் என இரண்டையும் விலாசத்தில் சேர்த்தே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.