மண்ணுக்குள்ள போன ஈயத் தகடு

1913 பிப்ரவரி. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஃபோர்ட் பியர்னு ஒரு சின்ன ஊர். மிசௌரி ஆத்தங்கரை மேட்டுல விளையாடிக்கிட்டு இருந்த பள்ளிப் பிள்ளைங்க கண்ணுல, மண்ணுக்கு வெளியே துருத்திக்கிட்டு இருந்த தகடு ஒண்ணு பட்டுது. ஈயம்! எடைக்குப் போட்டா காசு கிடைக்கும்னு நினைச்சாங்களாம். நல்லவேளை, போடலை. மண்ணுக்குள்ள அது 170 வருஷம் கிடந்திருக்கு.

புதைச்சது யாருன்னு படிக்கப் போய்த்தான் லா வெராந்த்ரி குடும்பத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டேன். அப்பா கனடாவில் பிறந்த பிரெஞ்சுக்காரர். மேற்கே ஒரு கடல் இருக்கு, அதைக் கண்டுபிடிக்கணும்னு கிளம்பினார். அரசாங்கம் பணம் தரலை. 'பீவர் தோல் வியாபார உரிமை தர்றோம், சம்பாதிச்சுத் தேடிக்கோ'ன்னுட்டாங்க. அப்போ ஐரோப்பாவில் தொப்பி செய்ய பீவர் ரோமத்துக்கு ஏக கிராக்கி. தோல் வாங்க நின்னா, 'கடலைத் தேடாம காசு பார்க்கிறான்'னு பாரீஸ்ல மந்திரி திட்டுவார். நிக்காம போனா மான்ட்ரியல் கடன்காரங்க விடமாட்டாங்க. இதுக்கு நடுவுல 1736-ல் மூத்த மகனும் கூடப் போன 20 பேரும் ஒரு தீவுல கொல்லப்பட்டாங்க. பாவம் மனுஷன்.

1742-ல் இன்னும் ரெண்டு மகன்களை அனுப்பினார். கூட ரெண்டே ரெண்டு பிரெஞ்சுக்காரங்க. 1743 புத்தாண்டு அன்னிக்கு தூரத்துல மலை தெரிஞ்சுது. அது எந்த மலைன்னு ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அடிச்சுக்கிறாங்க! எதிரிங்க நம்ம ஊரைத் தாக்கிடுவாங்களோன்னு பயந்து, கூட வந்த பழங்குடி வீரர்கள் திரும்பிட்டாங்க. இவங்களுக்கும் வேற வழியில்லை. கடைசி வரை கடலைப் பார்க்கலை.

திரும்புற வழியில மிசௌரிக் கரையில ஒரு பழங்குடி ஊர்ல தங்கினாங்க. அங்கேதான் பிரெஞ்சு ராஜா பேர் லத்தீன்ல பொறிச்ச அந்தத் தகட்டைப் புதைச்சாங்க. பின்பக்கம் 1743 மார்ச் 30-னு தேதியைக் கீறியிருக்காங்க. ஊர்க்காரங்களுக்குத் தெரியாம தகட்டை வெச்சுட்டு, மேலே கல்லைக் குவிச்சு, 'நாங்க வந்துபோன ஞாபகத்துக்கு'ன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்காங்க. இதையும் அவங்க நாட்குறிப்புலேயே எழுதி வெச்சிருக்காங்க!

எனக்கு உறுத்துறது இதுதான். அந்த மக்கள் தங்க இடம் கொடுத்தாங்க, வழி காட்டினாங்க. அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சது வெறும் கல் குவியல். கீழே இருந்தது அவங்க நிலத்துக்கு இன்னொருத்தர் எழுதிக்கிட்ட பட்டா. 1803-ல் அந்த மண்ணையும் சேர்த்து ஒன்றரைக் கோடி டாலருக்கு பிரான்ஸ் அமெரிக்காவுக்கு வித்துட்டது. அங்கே இருந்தவங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கலை.

தகடு இப்போ ஆத்துக்கு அந்தப் பக்கம் பியர் நகரத்து மியூசியத்துல இருக்கு. சின்ன வயசுல 'இன்னார் கண்டுபிடித்தார்'னு மனப்பாடம் பண்ணின அத்தனை பேரையும் இனிமே கொஞ்சம் சந்தேகத்தோடதான் படிக்கணும் போலிருக்கு. நீங்க என்ன நினைக்கிறீங்க மக்களே?