கொச்சியின் டச்சுப் போதகர்களும் குருப்பட்டத் தேர்வும்

1663 ஜனவரியில் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியபின், மட்டாஞ்சேரியை அடுத்த கோட்டைக்குள்ளிருந்த புனித பிரான்சிஸ் ஆலயம், கால்வின் வழிவந்த சீர்திருத்தச் சபையின் வழிபாட்டிடமாயிற்று. அச்சபையில் பிரசங்க மேடையேறும் உரிமை எளிதில் வாய்த்ததன்று. ‘கிளாசிஸ்’ எனப்படும் வட்டாரப் போதகர் குழுவின் முன் மூலமொழி வேதவாசிப்பிலும் கோட்பாட்டிலும் தேறியவர் முதலில் ‘புரோபொனென்ட்’ எனும் பிரசங்கியாக மட்டுமே ஏற்கப்பட்டு, இறுதித் தேர்வையும் கடந்த பின்னரே ஞானஸ்நானமும் திருவிருந்தும் நடத்தும் தகுதி பெற்றார்.

கொச்சிப் போதகர் யோஹன்னஸ் காசேரியஸ், மாணவப் பருவத்தில் ஹாலந்தின் ரைன்ஸ்பர்க் ஊரில் ஸ்பினோசாவிடமே தெகார்த்தின் தத்துவத்தைப் பாடம் கேட்டவர். குருப்பணிக்காகத் தேடிய லத்தீன் புலமையே, மலபார்த் தாவரங்களை விவரிக்கும் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ நூலின் தொடக்கப் பகுதிகளை எழுத அவருக்குக் கைகொடுத்தது என்பது பெரிதும் போற்றத்தக்கது. முதல் தொகுதி 1678இல் வெளிவருமுன் அவர் மறைந்தார்.

இதே சீர்திருத்தச் சபையில், கொழும்பில் பிறந்த பிலிப்பு தெ மெல்லோவோ ஹாலந்து செல்லாமலே குருப்பட்டம் பெற்றார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல் அச்சேறியது.