நான்காவது அச்சம்

ஒரு பழைய விளையாட்டுக்குப் புதிய பாகம் வரும்போதெல்லாம் அதன் ரசிகர்களிடையே ஒரு வழக்கு மூள்கிறது. 'சர்வைவல் ஹாரர்' என்று அழைக்கப்படும் திகில் வீடியோ கேம்களில் இந்த வழக்கு கால் நூற்றாண்டாக ஓயவில்லை. 1996இல் 'ரெசிடென்ட் ஈவில்' தந்த அச்சத்தை 2017இல் வந்த ஏழாம் பாகம் தருகிறதா? 2001இன் 'சைலன்ட் ஹில் 2'க்கு 2024இல் வந்த மறு ஆக்கம் ஈடாகுமா? ஊரே மாறிப்போன 'சைலன்ட் ஹில் எஃப்' அந்தப் பெயருக்கு உரியதுதானா? இரு தரப்பும் முன்வைக்கும் சான்றுகள் பெரும்பாலும் ஒரே வகையானவை. கேமரா எங்கே நிற்கிறது, தோட்டாக்கள் எத்தனை, மூடுபனி எவ்வளவு அடர்த்தி என்பவை அவை. அஞ்சியது யார், எதற்கு அஞ்சினார் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்க்க விரும்புகிறேன்.

பழைய ஆட்டங்களின் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. 'ரெசிடென்ட் ஈவில்' முதல் பாகத்தில் கேமரா அறையின் மூலையில் ஆணியடித்தாற்போல் அசையாமல் நிற்கும். திருப்பத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. காலடி ஓசை மட்டும் கேட்கும். தோட்டாக்கள் எண்ணி வைக்கப்பட்டவை. ஆட்டத்தைச் சேமித்துவைக்கத் தட்டச்சு இயந்திரமும் மை நாடாவும் வேண்டும். நாடா தீர்ந்தால் சேமிப்பும் இல்லை. 1999இன் 'சைலன்ட் ஹில்' ஊரை மூடிய பனி, தொலைவில் உள்ளதை வரைந்து காட்ட முடியாத அன்றைய பிளேஸ்டேஷனின் போதாமையை மறைத்தது. அந்தப் போதாமையே ஆட்டத்தின் அழகாகவும் ஆனது. 2005இல் 'ரெசிடென்ட் ஈவில் 4' கேமராவைத் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்து, சண்டையையும் பெருக்கியபோது, இது திகில் அல்ல, துப்பாக்கி விளையாட்டு என்று கசந்தவர்கள் உண்டு. ஏழாம் பாகம் லூசியானாவின் ஒரு வீட்டுக்குள் நம்மை அடைத்து, பாத்திரத்தின் கண் வழியாகவே பார்க்கவைத்தபோது, பழைய அச்சம் திரும்பிவிட்டது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு.

கையில் கொஞ்சமே வைத்துக்கொண்டு, எது எங்கே பதுங்கியிருக்கிறது என்று தெரியாமல், முதுகுக்குப் பின்னால் காதை வைத்து நடப்பதை ஓர் அரிய கலை உத்தியாக ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். இரவுக் கடைசிப் பேருந்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும் பெண்ணுக்கு அந்த உத்தி புதியதல்ல. சாவிக்கொத்தை விரலிடுக்கில் பிடித்தபடி நடக்க அவளுக்கு எந்த ஆட்டமும் கற்றுத்தர வேண்டியதில்லை.

தமிழ் கற்பிக்கும் எனக்கு இந்த ஆட்டங்களில் என்ன வேலை என்று என் மாணவிகள் கேட்டதுண்டு. அச்சத்தைப் பற்றி நம்மிடம் உள்ள மிகப் பழைய சிந்தனைதான் என்னை இங்கே கொண்டுவந்தது. தொல்காப்பியம் அச்சத்தை இரண்டு விதமாகப் பேசுகிறது. களவியலில் அது நாணத்தோடும் மடத்தோடும் சேர்ந்து, எப்போதும் பெண்ணுக்கு உரிய பண்பாக நிற்கிறது. மெய்ப்பாட்டியலிலோ அச்சத்துக்குக் காரணங்கள் சொல்லப்படுகின்றன. அணங்கு ஒன்று, விலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, நான்காவதாகத் தம்மை ஆளும் இறை. முதல் இடத்தில் அச்சம் இயல்பு; இரண்டாவது இடத்தில் அது விளைவு. இயல்பென்றால் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. விளைவென்றால் அஞ்சவைத்தது யார் என்று கேட்டாக வேண்டும். 'இறை' என்பதை அரசன் என்று மட்டும் கொள்ளாமல், வீட்டை ஆள்பவன் வரை நீட்டியே நான் வாசிக்கிறேன். திகில் ஆட்டங்களின் வரலாறு இந்த இரு பார்வைகளுக்கும் இடையிலான இழுபறியாகவே எனக்குத் தெரிகிறது.

கதை 1989இல் ஜப்பானில் தொடங்குகிறது. கியோஷி குரோசாவா இயக்கிய 'ஸ்வீட் ஹோம்' திரைப்படத்தை ஒட்டி, அதே பெயரில் கேப்காம் நிறுவனம் ஓர் ஆட்டத்தை வெளியிட்டது. பாழ் மாளிகைக்குள் சிக்கிக்கொள்ளும் ஐந்து பேரில் மூவர் பெண்கள். அவர்களை விரட்டுவது அம்மாளிகையின் பழைய எஜமானியின் ஆவி. குழந்தையைப் பறிகொடுத்த தாய் அவள். துக்கம் தாளாத தாயே அணங்காகிறாள். இந்த ஆட்டத்தை இயக்கிய தொகுரோ ஃபுஜிவாராதான் பிற்பாடு ஷின்ஜி மிகாமியிடம் 'ரெசிடென்ட் ஈவில்' பொறுப்பை ஒப்படைத்தார். 1995இல் வந்த 'க்ளாக் டவர்' ஆட்டத்தில் ஜெனிஃபர் என்ற ஆதரவற்ற சிறுமியைப் பெரிய கத்தரிக்கோல் ஏந்திய ஒருவன் துரத்துகிறான். அவளால் ஓடவும் ஒளியவும் முடியும். பதற்றம் ஏற ஏறத் தடுக்கி விழுவாள். அச்சம் அவள் உடலின் குணமாகவே அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

1996இன் ஜில் வாலன்டைன் வேறு வகை. அவள் பயிற்சி பெற்ற காவல் படை வீராங்கனை. ஆடுபவர் அவளையோ, கிறிஸ் ரெட்ஃபீல்டையோ தேர்ந்துகொள்ளலாம். கிறிஸ் ஆறு பொருள்கள் சுமப்பான். ஜில் எட்டு சுமப்பாள். பூட்டுத் திறக்கும் கருவி அவளிடம்தான் இருக்கிறது. ஆபத்து வேளையில் பாரி என்ற மூத்த சகா வந்து காப்பாற்றுவார். ஆக, பெண்ணாக ஆடினால் ஆட்டம் எளிது. இதைச் சலுகை என்று சொல்லி ஒதுக்கலாம். ஆனால் மாளிகையின் நடுவில், துப்பாக்கி தெரிந்த, நிதானம் இழக்காத ஒரு பெண் நின்றாள் என்பதும் உண்மை. 1999இல் மூன்றாம் பாகம் வந்தபோது, நகரமே பிணக்காடாக எரியும் இரவில் அதே ஜில்லைக் குட்டைப் பாவாடையோடு ஓடவிட்டார்கள். 2020இன் மறு ஆக்கத்தில் அவளுக்குக் கால்சட்டை கிடைத்தது. உடனே, பழைய ஜில் எங்கே என்று கேட்டவர்கள் இருந்தார்கள்.

2005இன் நான்காம் பாகத்தில் குடியரசுத் தலைவரின் மகள் ஆஷ்லியை நாயகன் லியோன் மீட்டுக்கொண்டு வருகிறான். அவள் உடலைப் பற்றி ஒரு பாத்திரம் அவள் எதிரிலேயே கொச்சையாகப் பேசும். கீழிருந்து அவள் பாவாடைக்குள் பார்க்கக் கேமராவைத் திருப்பினால் அவள் திட்டுவாள். திட்டுவதையும் ஒரு வேடிக்கையாக ஆட்டத்திலேயே வைத்திருந்தார்கள். 2023இல் மறு ஆக்கம் செய்தவர்கள் அந்தப் பேச்சை நீக்கி, ஆடையை மாற்றி, ஆஷ்லிக்குச் சற்று ஆளுமையும் தந்தார்கள். தோட்டாக் கணக்கும் கேமராக் கோணமும் காக்கப்பட வேண்டிய மரபுதான், ஒப்புக்கொள்கிறேன். பாவாடையும் அதே மரபின் பெயரால் கேட்கப்படும்போது, அங்கே காக்கப்படுவது திகில் அல்ல. பார்க்கும் உரிமை காக்கப்படுகிறது.

பழையவை எல்லாம் ஒன்றுபோல இருந்தன என்றும் நினைத்துவிடக் கூடாது. 2001இல் டெக்மோ வெளியிட்ட 'ஃபேடல் ஃப்ரேம்' ஆட்டத்தில், காணாமல்போன அண்ணனைத் தேடிப் போகும் மிகு என்ற பெண்ணின் ஒரே ஆயுதம் ஒரு பழைய கேமரா. ஆவியை நேருக்கு நேர் பார்த்துப் படம் எடுக்க வேண்டும். அது நெருங்கி வர வர அடி பலமாக விழும். எனவே கண்ணை மூடாமல் காத்திருக்க வேண்டும். காலமெல்லாம் பார்க்கப்பட்டவள் இங்கே பார்ப்பவளாகிறாள். 2003இல் வந்த அதன் இரண்டாம் பாகத்தில் இரட்டைச் சகோதரிகள் ஒரு கிராமத்துக்குள் சிக்குகிறார்கள். அங்கே ஊர் பிழைக்க இரட்டையரில் ஒருவர் மற்றவரின் கழுத்தை நெரிக்க வேண்டும் என்பது சடங்கு. அச்சத்தின் மூலம் ஆவியல்ல, ஊரின் கட்டளை. அதே 2003இல் 'சைலன்ட் ஹில் 3' பதினேழு வயது ஹெதரைக் கொண்டுவந்தது. தன் விருப்பமில்லாமல், ஒரு மதக் குழுவின் தெய்வத்தை வயிற்றில் சுமக்க விதிக்கப்பட்டவள் அவள். ரத்தமும் துருவும் படிந்த அந்தச் சுவர்களை வலிந்து திணிக்கப்பட்ட கர்ப்பத்தின் சுவர்களாக வாசிக்காமல் என்னால் கடக்க முடியவில்லை. நான்காவது அச்சத்துக்குப் பழைய ஆட்டங்களில் இடம் இருந்தது. எது சிறந்த பழையது என்ற பட்டியலைப் போடும்போதுதான் அது பின்னுக்குப் போகிறது.

அந்தப் பட்டியலின் உச்சியில் பலரும் வைப்பது 'சைலன்ட் ஹில் 2'. மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்த மனைவி மேரியிடமிருந்து கடிதம் வந்ததென்று ஜேம்ஸ் அந்த ஊருக்கு வருகிறான். கடைசியில் தெரிவது, நோயுற்ற மனைவியைத் தலையணையால் அமுக்கிக் கொன்றவன் அவனே. அவன் குற்றவுணர்வே அங்கே அரக்கர்களாக நடமாடுகிறது. கொன்றவனின் மனத்துக்குள்ளேயே நம்மை அடைத்துவைத்து, தப்ப விடாத பெரிய படைப்பு அது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அதே ஊரில் ஏஞ்சலா என்ற இளம்பெண்ணும் அலைகிறாள். தந்தையின் வன்கொடுமைக்கு ஆளாகி வளர்ந்தவள். அவனைக் கொன்றுவிட்டு வந்தவள். ஜேம்ஸுக்கு வெறும் தெருவாகத் தெரியும் இடம் அவளுக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கிறது. கடைசியில் தீப்பற்றிய படிக்கட்டில் தனியாக ஏறி மறைகிறாள். வீடியோ கேம் உலகம் நான்காவது அச்சத்தை அதன் முழு வெம்மையோடு காட்டிய இடம் அது என்பேன். ஆயினும் நாம் அவளை ஆடுவதில்லை. ஒரு பெண்ணைக் கொன்றவனின் கண் வழியாக, அவன் வழியில் எதிர்ப்பட்டவளாகவே அவளைப் பார்க்கிறோம்.

2024இன் மறு ஆக்கத்தைச் செய்தது போலந்தின் ப்ளூபர் டீம். வெளியாகும் முன்பே, ஏஞ்சலாவின் முகம் மாறிவிட்டது, அழகு போய்விட்டது என்று ஒரு கூச்சல் எழுந்தது. மேரியின் சாயலில் வரும் மரியாவின் ஆடை நீண்டுவிட்டது என்று இன்னொரு குறை. மரியாவைப் பற்றிய வாதத்துக்காவது ஓர் அடிப்படை உண்டு. அவள் ஜேம்ஸின் ஆசை வடித்த உரு. ஏஞ்சலாவின் கதை அப்படியா? பெற்ற தந்தையே உடலாக மட்டும் பார்த்துச் சிதைத்த பெண் அவள். அவளைப் பற்றி ஒருவர் முதலில் கேட்பது பழைய அழகு எங்கே என்பதென்றால், இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் நேசித்தது அந்த ஆட்டத்தின் எதை? வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு மாணவி, அவள் எரிந்துபோவதற்குக்கூட அழகாக இருக்க வேண்டுமா மேடம் என்று கேட்டாள். அதற்குமேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

2025 செப்டம்பரில் வந்த 'சைலன்ட் ஹில் எஃப்' மீதான புகார்கள் வேறு. அமெரிக்கச் சிற்றூரை விட்டு, 1960களின் ஜப்பானில் எபிசுகவோகா என்ற கற்பனை ஊருக்கு ஆட்டம் போய்விட்டது. துப்பாக்கி இல்லை. குழாயையும் கத்தியையும் வைத்து அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சண்டை மிகுந்து அச்சம் தேய்கிறது. இந்தக் கடைசிப் புகாரை நானும் ஏற்கிறேன். பின்பகுதியில் அரக்கர் கூட்டம் வந்துகொண்டே இருக்கும்போது மனம் மரத்துப்போகிறது.

ஊரை விட்டுப் போனதைக் குறையாகச் சொல்பவர்களிடம்தான் எனக்கு வழக்கு. இதன் நாயகி ஹினாகோ பள்ளி மாணவி. வீட்டில் குடித்துவிட்டுக் கத்தும் தந்தை, அடங்கிப்போன தாய், மணமாகிப் போய்விட்ட அக்கா. தன்னைக் கேட்காமலே முடிவாகும் திருமணம் அவள் முன்னால் நிற்கிறது. மூடுபனிக்கு அப்பாலுள்ள கோயிலில், சடங்கின் பெயரால் அவள் ஒரு கையை இழக்கிறாள். பிறகு முகத்தை இழக்கிறாள். புகுந்த வீட்டுக்கு ஏற்றவளாவது என்றால் என்ன என்பதை இதைவிட நேராக எந்தத் திகில் ஆட்டமும் சொல்லி நான் பார்த்ததில்லை.

1960கள் என்பதும் சும்மா தேர்ந்த காலமல்ல. திருமணம் இருவரின் சம்மதத்தில் மட்டுமே நடக்க வேண்டும் என்று ஜப்பானின் அரசியலமைப்பு 24ஆம் பிரிவில் சொல்லி, 1947 மே மாதமே அது நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்தப் பிரிவின் முதல் வரைவை எழுதியவர் பெயாட்டே சிரோட்டா என்ற 22 வயதுப் பெண். அதே ஆண்டு திருத்தப்பட்ட குடிமைச் சட்டம், குடும்பத் தலைவனின் அதிகாரத்தையும் நீக்கியது. சட்டம் மாறியது, வீடு மாறவில்லை. காதல் திருமணங்கள் பெரியவர்கள் பேசி முடிக்கும் திருமணங்களை எண்ணிக்கையில் முந்தியதே 1960களின் பிற்பகுதியில்தான். ஏட்டில் உரிமை கிடைத்துவிட்ட, வீட்டில் அது இன்னும் வந்து சேராத ஓர் இடைவெளியில் ஹினாகோ நிற்கிறாள். அந்த இடைவெளியை நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதை எழுதிய ரியூகிஷி07 ஓர் ஆண். பெண்ணின் வலியைக் கண்கவர் காட்சியாக்கும் ஆசையிலிருந்து இந்த ஆட்டம் முழுதும் தப்பிவிட்டது என்றும் சொல்லமாட்டேன். அந்த அழகான பூக்கள் உடலைக் கிழித்து மலரும்போது எனக்குள் ஒரு சங்கடம் எழவே செய்தது. இருந்தும், 2001இல் படிக்கட்டில் ஏறி மறைந்த அச்சம் இங்கே ஆட்டத்தின் நடுவுக்கு வந்திருக்கிறது. ஏஞ்சலாவை நாம் எதிர்ப்பட்டோம், ஹினாகோவாக நடக்கிறோம். புதியது பழையதற்கு ஈடாகுமா என்ற கேள்விக்கு, எந்த அச்சத்தைக் கொண்டு அளக்கிறீர்கள் என்பதே என் மறுமொழி. பனியைக் கொண்டு அளந்தால் 1999ஐ வெல்வது கடினம். தம்மை ஆள்பவர்மீதுள்ள அச்சத்தைக் கொண்டு அளந்தால், இந்த மரபு இப்போதுதான் அதன் மையத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

'சைலன்ட் ஹில் எஃப்' ஆட்டத்தை முதல் முறை ஆடுபவர்கள் எல்லாரும் எப்படி ஆடினாலும் ஒரே முடிவைத்தான் காண்பார்கள். அது நல்ல முடிவும் அல்ல. ஹினாகோ தன் வாழ்வைப் பற்றித் தானே ஒரு சொல் சொல்லும் முடிவு, திரும்பவும் தொடங்கி ஆடுபவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். என் மாணவிகள் சிலர் இரண்டாம் முறை ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.