குதிரைக்கு அருகே நடந்தவர்கள்

பாஸ்டனில் மாநில அரசு மாளிகைக்கு எதிரே, பீக்கன் தெருவோரம் ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. குதிரைமேல் ஓர் இளம் வெள்ளை அதிகாரி. அவரோடு, துப்பாக்கியைத் தோளில் சாய்த்து நடக்கும் கறுப்பினச் சிப்பாய்கள். தாடி வைத்த மூத்தவர், மீசை அரும்பாத முரசுச் சிறுவன் என ஒவ்வொரு முகமும் வேறு. இந்த முகங்கள் முதல் திட்டத்தில் இல்லை.

1863 மே 28 அன்று மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவு இதே தெரு வழியாக அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் புறப்பட்டது. சிப்பாய்கள் கறுப்பர்கள், தலைவர் ராபர்ட் கூல்ட் ஷா. பேசிய சம்பளம் மாதம் 13 டாலர். கொடுக்க முன்வந்ததோ 10. அதிலும் உடைக்கென்று 3 பிடித்தம். குறைத்த கூலியைத் தொட மாட்டோம் என்று ஒரு வருடத்துக்கும் மேலாகச் சம்பளமே வாங்காமல் போரிட்டார்கள். வீட்டில் பெண்டு பிள்ளைகள் பட்ட பாட்டையும் சேர்த்தே அந்த மறுப்பை எடைபோட வேண்டும். 1864 ஜூனில்தான் நாடாளுமன்றம் சம ஊதியத்துக்குச் சட்டம் செய்தது.

அதற்குள், 1863 ஜூலை 18 அன்று, சார்ல்ஸ்டனுக்கு அருகே வாக்னர் கோட்டைமேல் பாய்ந்த சுமார் 600 பேரில் பாதிக்கு நெருக்கமானோர் மாண்டோ, காயப்பட்டோ, சிறைப்பட்டோ போனார்கள். ஷாவும் மாண்டார். அவமானப்படுத்துவதாக எண்ணி, எதிரிகள் அவரைச் சிப்பாய்களோடு ஒரே குழியில் புதைத்தனர். மகனின் உடலை அங்கிருந்து எடுக்க வேண்டாம் என்று தந்தை சொல்லிவிட்டார். கொடி பிடித்தவர் சாய்ந்தபோது அதைத் தாங்கிக்கொண்டவர் வில்லியம் கார்னி, வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். பல குண்டுகள் பாய்ந்த உடலோடு கொடியைத் தரையில் படவிடாமல் கொண்டுவந்து சேர்த்தார்.

1865இல் நினைவுச் சின்னத்துக்கான முயற்சியைத் தொடங்கியவரும் ஒரு கறுப்பினத்தவர்தான். பாஸ்டனில் விருந்துச் சமையல் தொழில் நடத்திய ஜோஷுவா போவன் ஸ்மித், ஒரு காலத்தில் ஷா குடும்பத்தில் வேலை பார்த்தவர். ஆனால் பணி சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-கௌடன்ஸ் கைக்கு வர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. அவர் நினைத்தது ஷா மட்டும் குதிரையேறி நிற்கும் சிலை. ஷாவின் குடும்பத்தார் ஒப்பவில்லை. யாரோடு மாண்டானோ அவர்களும் உடனிருக்க வேண்டும் என்றார்கள்.

அந்த ஒரு சொல் சிலையையே மாற்றிவிட்டது. சிற்பி கறுப்பின ஆண்களைத் தன் பட்டறைக்கு அழைத்து முன்னால் நிறுத்தி, சுமார் 40 தலைகளை வடித்துப் பார்த்தார். சில ஆண்டு வேலை பதினான்கு ஆண்டாக நீண்டது.

1897 மே 31 அன்று சிற்பம் திறக்கப்பட்டது. 54ஆம் படையில் எஞ்சியவர்கள் அதே பீக்கன் தெருவில் மீண்டும் நடந்தார்கள். அன்றைய விழாவில் கார்னி கொடியை உயர்த்தியபோது கூட்டம் ஆர்ப்பரித்தது. நியூ பெட்ஃபோர்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வீடு வீடாகத் தபால் கொடுத்த மனிதர் அவர். வாக்னரில் செய்த செயலுக்கு நாட்டின் உயரிய வீரப் பதக்கம் வந்ததோ 1900இல், ஏறக்குறைய 37 ஆண்டுகள் கழித்து.

கடைசிக் காலத்தில் அவர் சிற்பத்துக்கு எதிரே உள்ள அரசு மாளிகையில் ஏவலராக வேலை பார்த்தார். 1908இல் அங்கே மின்தூக்கியில் அடிபட்டு இறந்தார்.

திறந்த நாளில் சிற்பத்தில் பொறித்திருந்தவை, மாண்ட வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே. மாண்ட சிப்பாய்களின் பெயர்களைப் பின்புறக் கல்லில் வெட்டியது 1980களில். பேசிய கூலி, பதக்கம், பெயர் எல்லாமே அவர்களுக்குத் தாமதமாகத்தான் வந்தன. பாஸ்டனுக்குப் போகிறவர்கள் முகங்களைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல், பின்பக்கமும் சென்று அந்தப் பெயர்களை வாய்விட்டு வாசிக்க வேண்டும்.