நிஜாமிய்யாவைத் துறந்த இமாம் கஸ்ஸாலி

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் நம் இல்லங்கள் பலவற்றிலும் ஒரே கேள்வி எழுகின்றது. பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவதா, மத்ரஸாவில் ஓதச் செய்வதா, கடையில் அமர்த்துவதா, அன்றி அவன் உள்ளம் நாடும் வேறொரு வழியில் விட்டுவிடுவதா? இக்கேள்விக்கு விடை தேடுவோர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வரலாற்றைச் சற்றே ஊன்றிக் கவனித்தல் நலம்.

குராசான் நாட்டுத் தூஸ் நகரில், ஹிஜ்ரி 450இல் (1058) அவர்கள் பிறந்தார்கள். தந்தை கம்பளி நூல் நூற்று விற்ற ஏழை. தாம் கல்லாத குறையை மக்களாவது தீர்க்கட்டும் என்று, மரணத் தறுவாயில் இரு புதல்வரையும் சிறு தொகையுடன் ஒரு சூபி நண்பரிடம் ஒப்படைத்தார். தொகை தீர்ந்ததும் அந்நண்பர், மத்ரஸாவில் சேர்ந்தால் உணவேனும் கிடைக்கும் என்று வழிகாட்டினார். பேரறிஞர் ஒருவரைக் கல்விக்கூடத்திற்கு முதலில் அழைத்துச் சென்றது பசி என்பதை நாம் மறக்கலாகாது.

ஜுர்ஜானில் பயின்று திரும்புகையில் நேர்ந்ததாகக் கூறப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. வழிப்பறிக் கொள்ளையர் அவர்களின் பாடக்குறிப்புகளைப் பறித்துக்கொண்டனர். அவற்றை மட்டுமேனும் தருமாறு அவர்கள் வேண்ட, பையோடு பறிபோகும் கல்வியும் ஒரு கல்வியா என்று கொள்ளையர் தலைவன் நகைத்தானாம். பின்னர் மூன்றாண்டுகள் அமர்ந்து, எழுதியவை அனைத்தையும் நெஞ்சில் பதித்துக்கொண்டார்கள் இமாம்.

அடுத்து நிஷாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி அவர்களிடம் மாணவரானார்கள். ஆசிரியர் 1085இல் மறைந்தபின் அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் அவையை அடைந்தார்கள். 1091இல் பக்தாதின் நிஜாமிய்யா கலாசாலையில் தலைமைப் பேராசிரியராக நியமனம் பெற்றார்கள். முந்நூறு மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டனர். அக்காலத்தில் ஓர் அறிஞர் எய்தக்கூடிய உச்சநிலை அது.

அங்கேதான் சோதனை தொடங்கிற்று. தாம் போதிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா என்ற வினா அவர்களை வாட்டியது. 1095இல் வகுப்பில் வாய் திறக்கவும் நா எழவில்லை, உணவும் இறங்கவில்லை, மருத்துவரும் கைவிட்டனர். ஏறத்தாழ ஆறு திங்கள் அலைக்கழிந்தபின், ஹஜ்ஜுக்குச் செல்வதாகக் கூறிவிட்டுப் பக்தாதை நீங்கினார்கள். அப்போது வயது ஏறத்தாழ 37. குடும்பத்தின் பிழைப்புக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டே எஞ்சிய பொருளை வழங்கினார்கள். பதவியைத் துறந்தவர்கள் பொறுப்பைத் துறந்தாரில்லை.

திமிஷ்க், பைத்துல் முகத்தஸ், மக்கா, மதீனா என்று சென்று, தனிமையிலும் வணக்கத்திலும் காலத்தைக் கழித்தார்கள். 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூல் உருவானது இக்காலத்திலேயே. 1106இல் நிஷாபூர் நிஜாமிய்யாவில் மீண்டும் போதிக்க இசைந்தார்கள். புறத்தே பார்ப்போர்க்குப் பழைய பணிக்கே திரும்பியதாகத் தோன்றும். ஆனால் முன்பு பதவியை ஈட்டும் கல்வியைப் போதித்த தாம், இப்போது பதவியாசையைக் கைவிடச் செய்யும் கல்வியைப் போதிப்பதாக அவர்களே எழுதியுள்ளார்கள். 1111இல் தூஸிலேயே மறைந்தார்கள்.

இவ்வரலாற்றைக் காட்டிப் பள்ளிப்படிப்பு வீண் என்று வாதிடுவோர் உண்டு. அது பொருந்தாது. கற்க வேண்டியதைக் கற்றுத் தேர்ந்தபின்னரே இமாம் வெளியேறினார்கள். இஹ்யாவின் முதற்பகுதியே கல்வியைப் பற்றியது. ஊர்தோறும் முஸ்லிம் மருத்துவர் இல்லாதிருக்க, பதவியும் செல்வமும் கருதி அனைவரும் சட்டக்கல்வியையே மொய்க்கின்றனரே என்று அதில் அவர்கள் வருந்துகின்றார்கள். மருத்துவம் பயில்வதும் சமுதாயத்தின் மீதுள்ள கடமை, ஃபர்ளு கிஃபாயா, என்பது அவர்கள் கருத்து.

ஆதலின், மகனோ மகளோ எவ்வழியை நாடினும் நாம் முதலில் கேட்கவேண்டியவை இரண்டு: இவ்வழியை நாடுவது எதற்காக? இதில் பெறுவது பையில் தங்குமா, நெஞ்சில் தங்குமா? கல்லூரியை நாடும் பிள்ளையையும் இவ்வினாக்கள் சாரும். கல்லூரியை வேண்டாம் என்னும் பிள்ளையையும் சாரும். அதட்டியோ கெஞ்சியோ விடை பெறாமல், அமர்ந்து பேசி அவர்கள் வாயாலேயே விடை பெறுவது பெற்றோரின் கடன்.