அரை மருந்து

மல்லாட்டையில காய் திரள ஆரம்பிச்சா, ஜவ்வாது மலை அடிவாரத்துல எங்க ஊர்க்காரங்களுக்கு ராத்தூக்கம் போச்சு. (சென்னைக்காரங்களுக்கு: மல்லாட்டைன்னா வேர்க்கடலை.) காட்டுப்பன்னி ஒரு கூட்டம் இறங்கினா விடியறதுக்குள்ள கொல்லை உழுது போட்ட மாதிரி கிடக்கும். இப்ப தகரம் தட்டுறோம், பட்டாசு போடுறோம். தாத்தா காலத்துல துப்பாக்கி இருந்தது. அந்தத் துப்பாக்கிக்குள்ள போன மருந்தோட அளவைப் பத்தித்தான் எழுதப் போறேன்.

நாட்டுத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. குழலோட வாய் வழியா மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வச்சுக் கெஜக்கோலால இடிச்சு, மேல ஈய ரவையைப் போட்டு, மறுபடி நார் வச்சு அடைக்கணும். இதுக்குப் பேரு கெட்டிக்கிறது. பின்பக்கம் ஒரு கேப்பு. குதிரை அதுமேல விழுந்தா வெடிக்கும். ஒவ்வொரு வேட்டையும் கையால கெட்டிக்கிறதால அளவும் நம்ம கையில. கொக்குக்கு ஒண்ணு, முயலுக்கு ஒண்ணு, பன்னிக்கு ஒண்ணு. விரட்ட மட்டும்னா ரவையே இல்ல, மருந்தும் நாரும்தான். அதுதான் வெத்துவேட்டு. வாய்ச்சவடால் பேர்வழியை இன்னைக்கும் அந்தப் பேர் சொல்லித்தானே திட்டுறோம்!

பையனுக்குச் சுடச் சொல்லிக் கொடுக்கிறப்போ அரை மருந்து. காசு மிச்சம்கிறது ஒரு காரணம். பெரிய காரணம் தோள்பட்டை. முழு மருந்து உதைக்கிற உதையில, அடுத்த தடவை விசையைத் தொடும்போதே கண்ணு தானா மூடிக்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கிச்சுன்னா லேசுல போகாது. லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருந்த எங்க பெரியப்பா சொல்வார்: “முழு மருந்துல பழகுனவன் பன்னிக்குப் பயப்பட மாட்டான்டா, துப்பாக்கிக்குத்தான் பயப்படுவான்.”

இதே கவலை துரைமார்களுக்கும் இருந்திருக்கு. யானை, காட்டெருமைன்னு அடிக்கிற பெரிய ரைஃபிள் உதைச்சா எப்பேர்ப்பட்ட ஆளும் ஆடிப்போவான். பிரிட்டிஷ் ராணுவம் பயிற்சிக்குன்னே ரைஃபிள் குழலுக்குள்ள சொருகற சின்னக் குழல் ஒண்ணை வச்சிருந்தது. மோரிஸ் குழல்னு பேரு. அதுல குட்டித் தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பழகலாம். அமெரிக்காவுல 1880-களிலேயே, சுட்ட பித்தளைக் கூட்டைத் திரும்ப எடுத்து, வீட்டிலேயே ஈயம் வார்த்து, மருந்தைக் குறைச்சு நிரப்பற கருவிகள் கடையில கிடைச்சது. எங்க ஊர் அரை மருந்தும் அதுவும் அண்ணன் தம்பிதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. பழைய கறுப்பு மருந்தைக் குறைச்சா பெரும்பாலும் வேகமும் உதையும் குறையும், அவ்வளவுதான். 1880-களில் வந்த புகையில்லா மருந்து அப்படி இல்ல. பெரிய கூட்டுக்குள்ள அதைக் கொஞ்சமா போட்டா, சில நேரம் குறையறதுக்குப் பதிலா அழுத்தம் எகிறித் துப்பாக்கியே பிளந்துடும். கண்ணளவு, கையளவு எல்லாம் அங்க செல்லாது. பெரியப்பாவோட திறமை கறுப்பு மருந்தோட முடிஞ்சு போற திறமை.

துப்பாக்கியோட அளவையே சட்டம் மாத்தின கதை தெரியுமா? 1907-ல வெள்ளைக்கார அரசாங்கம் .450 ரகத்தை இந்தியாவுக்குள்ள கொண்டுவரத் தடை போட்டது. ராணுவத்தோட பழைய மார்ட்டினி-ஹென்றியும் அதே ரகம். தோட்டா கலகக்காரங்க கைக்குப் போயிடும்னு பயம். உடனே இங்கிலாந்து கம்பெனிகள் .465, .470, .475னு நூலளவு தள்ளிப் புது ரைஃபிள்களைச் செஞ்சு அனுப்புச்சு. புலிக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

எங்க பக்கத்து ஏலகிரி மலையில ஆளைத் தின்ன சிறுத்தையைப் பத்தி எழுதின பெங்களூர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974) வச்சிருந்தது அமெரிக்க .405 வின்செஸ்டர். 1909-ல ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன அதே ரகம். குண்டு ஒண்ணு 19 கிராமுக்கு மேல. ஒவ்வொரு தோட்டாவும் கப்பல்ல வரணும். 1950-களில் கம்பெனி அந்தத் தோட்டா செய்யறதையே நிறுத்திடுச்சு. அதை டப்பாவைச் சுட்டுப் பழகறதுக்குச் செலவழிக்க யாருக்கு மனசு வரும்?

நம்ம ஆட்களுக்கு வந்த இடைஞ்சல் வேற. 1878 ஆயுதச் சட்டம் லைசென்ஸ் கேட்டது. சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த 1959 சட்டம் விவசாயியைக் கொஞ்சம் நினைச்சுப் பார்த்தது: பயிர் காக்க, வாய்வழி கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம்னு 13-ம் பிரிவுல தனியா எழுதியிருக்கு. 1972-ல வனவிலங்குச் சட்டம் வந்ததும் வேட்டை முடிஞ்சது. அது வேண்டியதுதான்; மிச்சமிருந்த காட்டையாவது காப்பாத்துச்சு. ஆனா பன்னிக்குப் பதில் யார்கிட்டேயும் இல்ல.

பதில் இல்லாத இடத்துல கரண்ட் வேலி வந்தது. 2023 மார்ச்ல தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் கள்ளத்தனமா போட்ட மின்வேலியில மூணு யானை செத்துச்சு. குட்டி ரெண்டு பக்கத்துலயே நின்னுச்சு. அந்த வேலிக்கு அளவுன்னு ஒண்ணு கிடையாது. பன்னி, யானை, தண்ணி பாய்ச்சப் போற மனுஷன், எல்லாத்துக்கும் ஒரே மருந்து.

2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு ஒரு முடிவு சொன்னது. காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டர் வரைக்கும் பன்னியைச் சுடக்கூடாது. 1-ல இருந்து 3 வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும். 3-ஐத் தாண்டினா வனத்துறையே சுடும். எங்க கொல்லையில நின்னு கூப்பிட்டா காட்டுக்குக் கேக்கும். நாங்க முதல் வரிசை.

பெரியப்பா ஒரு தேர்தல் சமயம் வழக்கம்போலத் துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைச்சார். தேர்தல் முடிஞ்சும் திரும்ப வாங்கப் போகல. ஏன்னு கேட்டேன். “வாங்கியாந்து இன்னாடா பண்றது? ரெண்டு பசங்களும் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போறானுங்க. கெட்டிக்கத் தெரிஞ்சவன் எவன் இருக்கான்?”ன்னார். மருந்து வச்சிருந்த மாட்டுக்கொம்பு மட்டும் எரவாணத்துல தொங்குது. போன வருஷம் அதுல குளவி கூடு கட்டியிருந்தது.